வெள்ளிக்கிழமை வாங்க

"வெள்ளிக்கிழமை வாங்க" என்று என் அப்பா யாரிடமாவது சொன்னால், எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லமாட்டார். வந்தவர்களும் துருவிக் கேட்கமாட்டார்கள். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவர் வண்டி ஆசாரி. பாரவண்டி, வில்வண்டி, கூண்டு வண்டி எல்லாம் செய்வார். சொன்ன நாளில் ஒரு வண்டி முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. திண்ணையில் எப்போதும் யாராவது ஒரு பண்ணைக்காரரோ அவருடைய கணக்குப்பிள்ளையோ வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருப்பார். அவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. செம்பைத் திருப்பித் தரும்போது குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம் கேட்பார்கள்: "பாப்பா, அச்சு மாட்டியாச்சா?"

அரை நூற்றாண்டு கழித்து, அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் வடகோடியில், நானும் அப்படிக் காத்துக்கிடந்தேன். திண்ணைக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெற்றிலைக்குப் பதில் பேப்பர் கப்பில் ஆறிப்போன காப்பி. என் கூடக் காத்திருந்தவர் என் மாப்பிள்ளை.

மாமியாரும் மருமகனும் தனியாக ஒன்பது நாள் ஒரே ஊரில் மாட்டிக்கொள்வதற்கென்று எங்கள் வீட்டில் யாரும் திட்டம் போடவில்லை. திட்டம் வேறு. டெட்ராய்ட் பக்கத்திலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி வந்து, இரண்டு வருடமாக மாப்பிள்ளை கனவு கண்ட டிரெய்லரை வியாழக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு, அப்படியே மேற்கே கிளம்பவேண்டியது. ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்ததும் மகள் விமானம் ஏறி வந்து, தெற்கு டகோட்டாவில் ராப்பிட் சிட்டியில் எங்களோடு சேர்ந்துகொள்வாள். பிறகு மூவருமாக யெல்லோஸ்டோன். தட்டுமுட்டுச் சாமான், அரிசி, மிக்ஸி எல்லாம் பிக்கப் டிரக்கின் பின்னால் கட்டியாயிற்று.

நம் ஊரில் கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் மேக்கப் போடுகிற வண்டி. அங்கே அது நடுத்தரக் குடும்பத்து ஆசை. கட்டில், அடுப்பு, கழிவறை, குளிர்பெட்டி எல்லாம் உள்ளே அடங்கிய சின்ன வீடு. அதற்கு எஞ்சின் கிடையாது. டிரக்கின் பின்னால் கோத்து இழுத்துப்போகவேண்டும். தயாராக நிற்கிற வண்டி ஆயிரக்கணக்கில் கிடைக்கும்போது மாப்பிள்ளை ஏன் சொல்லிச் செய்யக் கொடுத்தார் என்றால், அவர் உயரம். ஆறடி இரண்டு அங்குலம், அதாவது 74 அங்குலம். கடையில் நிற்கிற வண்டிகளில் கட்டிலின் நீளம் பெரும்பாலும் 74 அல்லது 75 அங்குலம்தான். வீட்டுக் கட்டிலைவிட ஐந்தாறு அங்குலம் குறைத்து, அந்த மிச்சத்தில் ஓர் அலமாரியை நுழைத்துவிடுவார்கள். "காலை நீட்டுனா சுவரு, மடக்குனா முழங்கால் வலிங்க அத்தை" என்றார். எனவே இவருக்கு 76 அங்குலத்தில் கட்டில். எனக்காக ஒன்று சேர்த்திருந்தார்: குளியலறையில் முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், அடியில் வாளி வைக்க. சொல்லாமலே செய்திருந்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

புதன்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். மிடில்பரிக்கும் ஷிப்ஷிவானாவுக்கும் நடுவே, மக்காச்சோள வயல்களுக்கு மத்தியில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே எங்கள் வண்டி நின்றது. பின்பக்கச் சுவர் இல்லை. கூரையும் இல்லை.

வீடு கட்டிப் பழகியவர்களுக்கு இந்த வேலை தலைகீழாகத் தெரியும். முதலில் இரும்புச் சட்டமும் அச்சும். அதன்மேல் தரை. தரைமேல் கட்டில், அலமாரி, அடுப்புமேடை எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் சுவர்களைக் கொண்டுவந்து சுற்றி ஒட்டவைத்து, கடைசியாகக் கூரையைக் கவிழ்ப்பது. அதனால் நாங்கள் பார்த்தபோது அது கொலுவில் வைக்கிற பொம்மை வீடு மாதிரி ஒரு பக்கம் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிக்கொண்டு நின்றது. பின்சுவருக்கு வந்த ஜன்னல் சட்டம் அளவு மாறி வந்துவிட்டதாம், திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார், அநேகமாக அடுத்த வெள்ளிக்கிழமை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு வரவில்லை. "எங்க பிளாண்ட்டுல நிமிஷத்துக்கு ஒரு காரு வெளிய வருதுங்க அத்தை. இங்க ஒரு ஜன்னலுக்கு ஒன்பது நாளா?" அவர் கார்க் கம்பெனியில் உற்பத்தித் திட்டம் போடுகிறவர். அவர் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் நான் ஆசாரி வீட்டுப் பெண். என் மனசு தானாகவே எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டது.

திரும்பிப் போனால் மூன்று மணி நேரம், மறுபடி வரவும் மூன்று மணி நேரம். லீவும் போட்டாயிற்று. ஷிப்ஷிவானாவில் ஒரு சின்ன மோட்டலில் இரண்டு அறை எடுத்தோம்.

அந்த வட்டாரத்தை அமெரிக்கர்கள் இந்த வண்டிகளின் தலைநகரம் என்கிறார்கள். பக்கத்திலிருக்கிற எல்கார்ட் நகரமும் அதைச் சுற்றிய ஊர்களும் இதே தொழில்தான். நாட்டில் தயாராகும் வீட்டுவண்டிகளில் ஐந்தில் நான்கு பங்கு இண்டியானாவிலிருந்துதான் போகிறது. எல்கார்ட்டுக்கு முன்பு வேறு பெயர்கள் இருந்தன. டிரம்பெட், சாக்ஸஃபோன் போன்ற பேண்டு வாத்தியங்களுக்கும் அல்கா செல்ட்சர் மாத்திரைக்கும் அதுதான் ஊர். 2008-இல் பொருளாதாரம் சரிந்தபோது மக்கள் முதலில் நிறுத்தியது வண்டி வாங்குவதை. அடுத்த வருடம் பிப்ரவரியில் ஒபாமா அங்கே வந்து பேசியபோது அந்தப் பகுதியில் வேலையில்லாதவர்கள் 15 விழுக்காட்டைத் தாண்டியிருந்தார்கள்.

ஆனால் என்னை வாய் பிளக்க வைத்தது அதில்லை. இந்த வண்டிகளைச் செய்கிறவர்களில் கணிசமான பேர் ஆமிஷ் மக்கள். கார் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கட்டுப்பாடு உள்ளவர்கள்.

1693 வாக்கில் ஐரோப்பாவில் யாக்கோப் அம்மான் என்பவரின் பின்னால் பிரிந்து போன கிறிஸ்தவர்கள் இவர்கள். வடக்கு இண்டியானாவுக்கு 1841-இல் வந்தார்கள். வீட்டில் பேசுவது ஜெர்மன் சாயலுள்ள ஒரு மொழி. ஆண்கள் கல்யாணம் ஆனதும் தாடி விடுவார்கள், மீசை வைக்கமாட்டார்கள். பெண்களுக்கு வெள்ளைத் துணித் தொப்பி. வீட்டுக்கு மின்சாரக் கம்பி வரக் கூடாது. ஆனால் வேலை பார்க்கிற இடம் வேறொருவருடையது என்றால் அங்கே மின்சார ரம்பம் பிடிக்கலாம். போக்குவரத்துக்குக் கறுப்பு நிறக் குதிரை வண்டி, பின்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு முக்கோணம், அதற்குக் கீழே நம்பர் பிளேட். பெரிய கடைகளின் வாசலிலும் குதிரை கட்டக் கம்பி இருக்கிறது. சாலை ஓரத்தில் குதிரைச் சாணத்தின் வாடை. அந்த வாடையும் இரும்புப் பட்டா போட்ட சக்கரம் தார்ச்சாலையில் உருளும் சத்தமும் காலை ஐந்தரைக்கு மோட்டல் ஜன்னல் வழியாக வந்தபோது, ஒரு கணம் எந்த ஊரில் விழித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கொட்டகையில் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். மதியம் இரண்டரைக்கு எல்லோரும் சைக்கிள் ஏறிவிடுவார்கள். முதலாளி என்னை வாசலோரம் உட்கார அனுமதித்தார், கண்ணுக்குப் பிளாஸ்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டால் சரி என்று. புடவை, அதன்மேல் மாப்பிள்ளையின் ஸ்வெட்டர், அதற்குமேல் அந்தக் கண்ணாடி. மகள் வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, நீ வெல்டிங் வேலைக்குச் சேர்ந்துட்டியா?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை நான்தான் ஒரு வேலையைக் கெடுத்தேன். அதை மறைத்துவைப்பதில் நியாயமில்லை.

அந்த வண்டியின் குளியலறை, நம்மூர்க் குளியலறை மாதிரிதான்: கழிவறையும் குளிக்கும் இடமும் ஒரே அறை, எல்லாம் நனையும். அமெரிக்கர்கள் இதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. (அடுப்பிலிருந்து நான்கடி தள்ளிக் கழிவறை என்பதைத்தான் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. ஒரு கதவு இருக்கிறது என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டேன்.) சுவர் எழும்புவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று, டிரக்கிலிருந்த வாளியை எடுத்துப்போய்க் குழாய்க்கடியில் வைத்தேன். வைக்க முடியவில்லை. கழிவறைத் தொட்டிக்கும் தடுப்புக்கும் நடுவில் வாளி சிக்கிக்கொண்டது. நேராக நிற்கமாட்டேன் என்றது.

முதலாளி வந்து பார்த்தார். இந்த வாளி எதற்கு என்று கேட்டார். மாப்பிள்ளை விளக்கினார். அவர் மேலே இருந்த ஷவரைக் காட்டினார். மாப்பிள்ளை மறுபடி விளக்கினார். நான் வாளியைக் கையில் பிடித்தபடி, அப்பாவின் பட்டறைக்கு வந்து, "எல்லாம் சரிதான் ஆசாரி, இதையும் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று கடைசி நேரத்தில் இழுக்கிற பண்ணைக்காரராகவே ஆகிவிட்டிருந்தேன். அவர்கள் போனபிறகு அப்பா என்ன சொல்வார் என்பதை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் அந்தப் பையன் வந்தான். இருபது வயதிருக்கலாம். தாடி இல்லை, அதனால் கல்யாணம் ஆகவில்லை. காதில் பென்சில். வாளியை அளந்தான், விட்டம் மட்டுமல்ல, கைப்பிடி விரிந்து நிற்கும் அகலத்தையும். நாடாவை இழுத்து உள்ளே அளந்தான். வரைபடத்தில் அந்த அறைக்குத் தடுப்புப் பலகையும் சேர்த்து 23 அங்குலம். வாளி நிற்கவேண்டுமென்றால் உள்ளிடம் 23 அங்குலம் எட்டில் ஐந்து. பலகை கனம் பதினாறில் பதினொன்று. ஒரு மூச்சு விடும் நேரம் நின்றான். "24 அங்குலம், பதினாறில் ஐந்து" என்று சொல்லிவிட்டு அதைக் கட்டிலடிப் பலகையில் பென்சிலால் எழுதினான்.

நான் முப்பத்திரண்டு வருடம் கணக்கு டீச்சர். பின்னக் கூட்டலுக்குப் பையன்கள் படும் பாட்டைப் பார்த்தே எனக்குத் தலை நரைத்தது. பகுதி வேறு வேறாக இருந்தால் மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவைக்கிற பிள்ளைகள் பத்தாம் வகுப்பிலும் உண்டு. இந்தப் பையன் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். அவர்கள் பிள்ளைகளை எட்டாவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு எனக்குச் சம்மதமில்லை. படிக்க ஆசைப்படுகிற பிள்ளை அந்த வீட்டிலும் பிறக்கத்தானே செய்யும்? ஐந்தாவதோடு நின்ற என் அப்பா, பட்டறையை விற்றாவது என்னைப் படிக்கவைப்பேன் என்று பிடிவாதமாக இருந்தார். அந்த நன்றியில் நான் பேசுகிறேனோ என்னவோ. ஆனால் பையன் கூட்டியது சரி.

நான் அதை நம் கணக்கில் சரிபார்த்தேன். நம் தச்சர்களுக்கு ஒரு அங்குலம் என்றால் எட்டு நூல். எட்டில் ஐந்து, ஐந்து நூல். பதினாறில் பதினொன்று, ஐந்தரை நூல். ஆகமொத்தம் பத்தரை நூல். எட்டு நூல் போனால் ஒரு அங்குலம் இரண்டரை நூல். அவனுக்கு இதைச் சொல்லவேண்டும்போல் இருந்தது. என் ஆங்கிலத்தில் சொன்னேன்: எங்கள் ஊரில் இஞ்சை எட்டாகப் பிரித்து அதற்கு நூல் என்று பெயர் வைத்திருக்கிறோம், தைக்கிற நூல்தான். அவன் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். "நூல்." ஜெர்மன் நாக்குக்கு அந்த 'ல்' பிரச்சினையாக இல்லை. அதற்கு ஒரு படி கீழே பதினாறில் ஒன்றுக்கு வீசம் என்றும் மாகாணி என்றும் பெயர் உண்டு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் ரம்பத்தைப் போட்டுவிட்டான்.

தடுப்பு ஒரு அங்குலம் இரண்டரை நூல் நகர்ந்தால், தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பது கட்டில். 76 அங்குலக் கட்டில். இதை மாப்பிள்ளைக்கு முதலில் யார் சொல்வது என்று முதலாளியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கணக்கு டீச்சர் சொன்னேன். 74 அங்குலம் பதினாறில் பதினொன்று மிஞ்சும் என்றேன். மாப்பிள்ளை வாளியைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். "பரவாயில்லைங்க அத்தை" என்றார். வேண்டாம் என்று நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

அடுத்த சில நாட்கள் ஊர் சுற்றினோம். வெள்ளிக்கிழமை குதிரை ஏலம். ஏலம் விடுகிறவர் வாயிலிருந்து வார்த்தை தனித்தனியாக வராது, கயிறு திரித்தமாதிரி ஒரே இழையாக வரும். யார் எப்போது கேட்டார்கள், எந்தக் குதிரை யாருக்குப் போயிற்று என்பது எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்க அடங்கிவிடும். தேவாலயம் என்று கட்டடம் கிடையாது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் நாற்பது ஐம்பது குதிரை வண்டிகள் வரிசையாக, எல்லாம் ஒரே கறுப்பு. தன்னுடையது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டேன். "குதிரை கண்டுபிடிச்சிடும்" என்றார் மாப்பிள்ளை. அதுதான் அவர் அந்தப் பயணத்தில் சொன்ன முதல் நகைச்சுவை. திங்கட்கிழமை கொடியெல்லாம் துணி. செவ்வாய் புதனில் பெரிய சந்தை. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லா ஊர்ச் சந்தையும் சந்தைதான். சாப்பாட்டில் ஒரு விசேஷம்: மசித்த உருளைக்கிழங்கின் மேல் நூடுல்ஸை ஊற்றித் தருகிறார்கள். சோற்றின் மேல் சேமியா போட்டமாதிரி. இரண்டாம் நாளிலிருந்து மோட்டல் அறையில் குக்கரில் சாதம் வைத்துத் தயிர் ஊற்றிக்கொண்டோம்.

ஜூன் மாதம் அங்கே இரவு ஒன்பதே காலுக்குத்தான் சூரியன் மறைகிறது. அதற்குப் பிறகு வயலோரங்களில் மின்மினி. எட்டு மணி வெயிலில் என்ன செய்வது என்று தெரியாமல் நானும் மாப்பிள்ளையும் சாலையோரமாக நடப்போம். கல்யாணமான ஆறு வருடத்தில் அவரும் நானும் பேசியதெல்லாம் "சாப்டீங்களா", "பிளைட் எத்தனை மணிக்கு" இவ்வளவுதான். இப்போது வேறு வழியில்லை. அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் லோடு ஏற்றி லாரி ஓட்டியவர், வருடத்தில் பாதி நாள் லாரியிலேயே படுத்துத் தூங்கியவர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பலகை அவர் உயரத்துக்குப் பத்தாதாம். இதை என் மகள் என்னிடம் சொன்னதே இல்லை. அவளுக்குத் தெரியுமா என்பதும் தெரியவில்லை. நான் கேட்டுக்கொள்ளவில்லை.

புதன்கிழமை எல்கார்ட்டில் இந்த வண்டிகளுக்கென்றே இருக்கிற அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1913-இல் கலிஃபோர்னியாவில் ஒரு பேராசிரியருக்காகச் செய்த இழுவண்டி ஒன்று அங்கே இருக்கிறது. இருப்பதிலேயே பழையது அதுதான் என்கிறார்கள். மே வெஸ்ட் என்ற நடிகைக்குப் படக் கம்பெனி கொடுத்த 1931-ஆம் வருடத்து செவர்லே வீட்டுக்காரும் இருக்கிறது. ஆக, நடிகைக்கு கேரவன் என்பது கோடம்பாக்கம் கண்டுபிடித்த விஷயமில்லை.

எனக்குப் பிடித்தது ஆர்தர் ஷெர்மன் கதை. டெட்ராய்ட் பக்கத்துக்காரர், மருந்துக் கம்பெனி நடத்தியவர். 1929-இல் மடக்குக் கூடார வண்டி ஒன்று வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பினார். ஐந்து நிமிடத்தில் விரித்துவிடலாம் என்று விற்றவர்கள் சொன்ன கூடாரம், மழையில் விரியவே இல்லை. குடும்பமே நனைந்தது. திரும்பி வந்ததும் ஒரு தச்சரைப் பிடித்து, மரத்தில் சுவரும் கூரையுமாகத் தனக்கென்று ஒரு வண்டி செய்துகொண்டார். வழியில் பார்த்தவர்களெல்லாம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் தொழிலே தொடங்கி, 1930-களில் நாட்டின் மிகப் பெரிய டிரெய்லர் கம்பெனியாக அதை வளர்த்தார். அதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால், கூண்டு வண்டி. நான் அந்தப் பலகைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தத் தச்சரின் பெயரைத் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

திங்கட்கிழமையே சரியான ஜன்னல் வந்து, சுவர் ஏறி, செவ்வாய்க்கிழமை கூரையும் கவிழ்ந்துவிட்டது. வியாழக்கிழமை சோதனை. வண்டியின் கதவு ஜன்னலையெல்லாம் அடைத்து, கூரையிலிருக்கும் காற்றுத் துவாரத்தில் ஒரு விசிறியைப் பொருத்தி உள்ளே காற்றை அடிக்கிறார்கள். வெளியே சோப்புத் தண்ணீரைத் தெளிக்கிறார்கள். எங்கே ஒட்டு சரியில்லையோ அங்கே நுரை கிளம்பும். பிறகு மழை அந்த வழியாகத்தான் உள்ளே வரும். சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பதுபோலத்தான், டியூப் மட்டும் பதினேழு அடி.

பையன் பிரஷ்ஷால் ஒவ்வொரு ஓரமாகத் தடவிக்கொண்டு போனான். கதவு சரி. பக்க ஜன்னல் சரி. பின் ஜன்னலின் கீழ்மூலையில் வந்ததும் பிரஷ்ஷை எடுத்துவிட்டுக் குனிந்தான். நாங்களும் குனிந்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கடுகளவு ஒரு குமிழ், அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் கொத்துக்கொத்தாக, வெயில்பட்டு நிறம் மாறிக்கொண்டே வளர்ந்து, வழிந்தது. குழந்தைகள் ஊதுகிற குமிழைவிட அழகாக இருந்தது. யாரும் பேசவில்லை. அவன் என் பக்கம் திரும்பி, விரலால் அந்த இடைவெளியைக் காட்டி, மெதுவாகச் சொன்னான்: "அரை நூல்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாப்பிள்ளைக்கு அது இன்னொரு நாள் தாமதம். ஆனாலும் இந்தமுறை அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. சட்டத்தைக் கழற்றினார்கள், பழைய பசையைச் சுரண்டினார்கள், புதுப் பசை வைத்துத் திருகினார்கள். ராத்திரி முழுக்கக் காயவேண்டும். இரண்டரைக்கு எல்லோரும் சைக்கிளில் போய்விட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி சோப்புத் தண்ணீர். நுரை இல்லை. சாவி கொடுப்பதற்கு முன்னால் முதலாளி மாப்பிள்ளைக்குப் பாரம் ஏற்றும் பாடம் எடுத்தார். வண்டியின் மொத்த எடை, சாமானோடு, 5,000 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது; நம் கணக்கில் சுமார் 2,270 கிலோ. அதில் பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு, டிரக்கோடு கோக்கிற முன் நாக்கின்மேல் இறங்கவேண்டும். குறைந்தால் பின்பாரம் அதிகமாகி, வேகம் பிடிக்கும்போது வண்டி வாலாட்ட ஆரம்பிக்கும்; அது டிரக்கையும் சேர்த்துக் கவிழ்க்கக்கூடியது. கூடினால் டிரக்கின் முன்சக்கரம் தரையில் பிடிக்காது. தண்ணீர்த் தொட்டி 30 கேலன், நிரப்பினால் அதுவே 113 கிலோ. அது அச்சுக்கு நேர்மேலே இருக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

இதை நான் ஆறு வயதில் கேட்டிருக்கிறேன். முன்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே கிளம்பி, கழுத்துக்கயிறு இறுக்கி மாட்டுக்கு மூச்சு முட்டும். புது வண்டியை ஒப்படைக்கும் நாளில் அப்பா ஏர்க்காலை ஒற்றைக் கையால் தூக்கி, விட்டு, மறுபடி தூக்கிக் காட்டுவார். கணக்குப்பிள்ளைகளுக்கு அது வித்தை மாதிரி இருக்கும்.

பணம் கட்டி, கையெழுத்துப் போட்டு, கோத்து, சங்கிலி மாட்டி, விளக்கெல்லாம் எரிகிறதா என்று பார்த்து முடிக்கும்போது மணி இரண்டரை. பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டிருந்தான். இந்த வண்டி எங்கே போகிறது என்று கேட்டான். யெல்லோஸ்டோன் என்றேன், எவ்வளவு தூரம் என்றும் சொன்னேன். அவன் அங்கே போனதில்லை. தலையை ஆட்டிவிட்டு, பின்சக்கரத்துக்கு மேலே சுவர் சேருமிடத்தில் ஒருதரம் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். பிறகு சைக்கிளை மிதித்துக்கொண்டு சோளத்துக்கு நடுவே இருந்த சாலையில் போய்விட்டான். நான் இரண்டு ஆப்பிள் வைத்திருந்தேன், கொடுக்க. கொடுக்க மறந்துபோயிற்று.

அன்றிரவு இல்லினாய் எல்லை தாண்டி ஒரு முகாமில் நிறுத்தினோம். முகாமின் குழாயோடு வண்டியை இணைத்தார் மாப்பிள்ளை. நான் உள்ளே போய் முழங்கால் உயரக் குழாயைத் திறந்து வாளியை நிரப்பினேன். வாளி ஆடாமல் நின்றது. சொம்பை முக்கி எடுத்து ஊற்றிக் குளித்துவிட்டு, முன்பக்கத்துச் சின்னக் கட்டிலில் எனக்குப் படுக்கை விரித்தேன். மாப்பிள்ளையின் கட்டிலில் மெத்தை இன்னும் போடவில்லை. அடிப்பலகையில் அந்தப் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது, 24, ஒரு சின்னக் கோடு, 5, அதற்குக் கீழே 16. அழிக்கவேண்டாம் என்றேன். அவர் மெத்தையைத் தூக்கி அதன்மேல் போட்டார்.

விளக்கை அணைத்த பிறகு அவர் மெதுவாகப் படுத்து, தலையை ஒரு பக்கச் சுவரில் முட்டக் கொடுத்து, காலை நீட்டுவது கேட்டது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு நாடா உருவும் சத்தம், டிக்கென்று அது திரும்பிச் சுருண்டுகொள்ளும் சத்தம்.

"என்னாச்சு மாப்பிள்ளை, இடிக்குதா?"

"இல்லைங்க அத்தை," என்றார் இருட்டில். "அஞ்சரை நூல் இருக்குதுங்க."